செருப்பு விழுகிற இடம்

வில்பட்டி ஓடையில் கேரட் கழுவுகிற ஆட்களுக்கு, தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிடும், அப்புறம் கை மரத்துவிடும். கடைசிவரை உயிரோடு கிடப்பது வாய் ஒன்றுதான். அதனால் ஊர்ப்பட்ட கதையெல்லாம் அங்கே கேரட்டோடு சேர்த்து அலசப்படும். அந்த ஆவணி மாதத்துக் காலையில் அலசலுக்கு அகப்பட்டவர் பெரியண்ணன்.

அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவர் மனைவி ஞானம்மா வேலைக்கு வராமல், டவுன் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போயிருந்தாள். அதுவும் ஒரே படத்தை மூன்றாவது தடவையாக.

"ஏண்ணே, மதினிக்கு இன்னைக்கும் அங்கதான் சோலியா?" என்றாள் பொன்னுத்தாய். வில்பட்டிக்காரி. ஓடையை மறித்த குழிக்குள் நின்று கேரட்டைக் காலால் மிதித்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாத்தா. இன்னைக்கும் அங்கதான்."

"அந்தக் கதாநாயகன் மேல அப்படி என்ன கிறுக்கு? மீசைகூட ஒழுங்கா இல்லையே அவனுக்கு."

குழியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பெரியண்ணனும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு கேள்வி வரும்.

"சிரிக்காதீங்கண்ணே, நானும் போய்ப் பாத்தேன்" என்று பொன்னுத்தாய் விடவில்லை. "சுடுறாங்க, ஓடுறாங்க, மந்திரி பேசுறாரு, திரும்பச் சுடுறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்தச் செருப்பு விழுற இடம் இருக்கே, அதுல மட்டும் அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. பாவம், யாரு பெத்த புள்ளையோ."

பெரியண்ணன் கழுவின கேரட்டை அள்ளிச் சாக்கில் போட்டார். யார் பெற்ற பிள்ளை என்று அவருக்குத் தெரியும். அந்த மலையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ரெண்டு வாரமாக அதை வாய்க்குள் போட்டுப் பூட்டி வைத்துக்கொண்டு, சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

படத்துக்கு 'அக்கரை நெருப்பு' என்று பெயர். இலங்கைச் சண்டையைப் பற்றிய படம். போன வருஷம் ஐப்பசியில் அதை எடுக்க மலைக்கு வந்திருந்தார்கள். சண்டைக்கு நடுவே பழைய கதையாக ஒரு காட்சி வருகிறது. எண்பத்தி மூணாம் வருஷத்துக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து ஜனங்களை அடித்து விரட்டுகிறார்கள், அந்த ஜனம் மூட்டை முடிச்சோடு மழையில் வடக்கே நடந்து போகிறது. அதற்கு மலையும் மழையும் வேண்டியிருந்தது. கொடைக்கானலில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

ஆளுக்கும் பஞ்சமில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அட்டுவம்பட்டிப் பக்கம் கொஞ்சம் குடும்பங்கள் இருந்தன. எழுபதுகளில், இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டு, தைலமரக் கன்று நடும் வேலைக்கென்று மலைக்கு வந்தவர்கள். மரம் நட்டு, அப்புறம் மரம் வெட்டி, இப்போது உருளைக்கிழங்குக் காட்டிலும் கேரட்டுக் காட்டிலும் கூலி வேலை. ஊரார் அவர்களை இன்றைக்கும் சிலோன்காரங்க என்பார்கள். சிலோனில் இருந்தபோது இந்தியாக்காரங்க என்றார்கள். பெரியண்ணன் மஸ்கெலியாப் பக்கத்துப் பிறப்பு, ஞானம்மாவுக்குப் பொகவந்தலாவை. கல்யாணம் நடந்தது கொடைக்கானலில்.

ஏஜென்ட் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரிஜினல் சிலோன் ஆள்தான் வேணும் என்று கூட்டிப்போனான். கிழிந்த சேலையும் நனைந்த சாக்குமூட்டையும் கொடுத்தார்கள். பெரியண்ணனுக்கு அன்றைக்கு இருமல். ஷாட்டுக்கு நடுவில் இருமித் தொலைப்பார் என்று பயந்து, கேமராவுக்குக் குடை பிடிக்கச் சொல்லி ஓரங்கட்டிவிட்டார்கள். தொப்பி போட்ட உதவி இயக்குநர் தம்பி ஒருவன் மைக்கில் கத்தினான்.

"எல்லாரும் கேளுங்க. யாரும் கேமராவைத் திரும்பிப் பாக்கக் கூடாது. பின்னாடி குண்டு வெடிச்சாலும் திரும்பக் கூடாது. நேரா போய்க்கிட்டே இருங்க. என்ன ஆனாலும் திரும்பாதீங்க!"

ஜனம் நடந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பெரியண்ணன் பார்த்தார். எல்லோரும் மூட்டையைத் தலைமேலோ இடுப்பிலோ வைத்திருந்தார்கள். ஞானம்மா மட்டும் ஒரு துண்டை முறுக்கி, உச்சந்தலையில் மாட்டி, அதில் மூட்டையைக் கட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தாள். கொழுந்துக் கூடையை அப்படித்தான் சுமப்பார்கள். உடம்பு முன்னால் சாய்ந்திருக்க, நாலு எட்டுக்கு ஒருமுறை வலது கை பின்னால் போய்ச் சுமையை ஒரு தூக்குத் தூக்கிவிட்டு வந்தது. யாரும் அவளை அப்படித் தூக்கச் சொல்லவில்லை. சின்ன வயதில் உடம்பில் ஏறியது, கனம் முதுகில் பட்டதும் தானாக வெளியே வந்துவிட்டது.

சேற்றில் அவளுடைய இடது கால் செருப்பு சிக்கிக்கொண்டது. ஒரு கணம் நின்றாள். செருப்பை விட்டுவிட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக நடந்தாள். திரும்பவில்லை. பெரியண்ணனுக்கு ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கவேண்டும் போலிருந்தது. கையில் குடை இருந்தது.

அதற்குள் மழை வலுத்து மஞ்சு இறங்கிவிட்டது. லென்ஸில் தண்ணீர், இது வேஸ்ட், வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆயக்குடிப் பக்கத்திலிருந்து லாரியில் வேறு ஆட்களைக் கொண்டுவந்து அதே காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். பிரியாணிப் பொட்டலம் தின்றதோடு நம்ம நடிப்பு முடிஞ்சது என்று அட்டுவம்பட்டி சிரித்து மறந்துவிட்டது. இவர்கள் நடந்த அன்று சாயங்காலமே பெரியண்ணன் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவிச் செருப்பை எடுத்து, ஓடையில் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நீல வாரு. சந்தையில் வாங்கியது. உழைக்கிற செருப்பு.

படம் வந்ததும் காலனியே வேன் பிடித்துப் போனது. நம் கதை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

தியேட்டர் நிறைந்துதான் இருந்தது. கதாநாயகன் காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு வெளியே வந்தபோது டவுன் பையன்கள் விசிலடித்துக் காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். மந்திரி வேஷக்காரர் சமாதானம் பேச வாயைத் திறந்தபோது ஊளையிட்டார்கள். தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று, குண்டு விழுந்து ஆஸ்பத்திரி எரிகிற இடத்தில் எழுந்து போய்விட்டது. இடைவேளையில் தேநீர்க் கடையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். படம் போராளிகளைக் குறை சொல்கிறது என்று ஒருவன், தூக்கிவைத்துப் பேசுகிறது என்று இன்னொருவன். இரண்டு பேருமே இராமேஸ்வரத்தைக்கூடப் பார்த்ததில்லை. சிலோன்காரர்கள் ஓரமாக நின்று தேநீரை ஊதிக் குடித்தார்கள். இதில் எந்தப் பக்கம் தாங்கள் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

இடைவேளைக்குப் பிறகு திரை திடீரென்று கறுப்பு வெள்ளையானது. பழைய செய்திப்படம் போலக் கீறலும் புள்ளியுமாக மழை பெய்தது. மங்கலாக ஒரு மலைச்சரிவு. ஜனங்கள் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தலையில் துண்டு மாட்டி மூட்டையை முதுகில் சுமந்து போனாள். அவள் செருப்பு சேற்றில் விழுந்தது. நின்றாள். விட்டுவிட்டு நடந்தாள். பின்னணியில் பாட்டுகூட இல்லை, மழைச் சத்தம் மட்டும். விசிலடித்த பையன்கள்கூட அடங்கிப்போனார்கள். தியேட்டர் முழுக்க 'த்சொ' என்று ஒரு சத்தம் எழுந்தது.

வேஸ்ட் என்று சொன்னதைத்தான் போட்டிருக்கிறார்கள். 'ஏ புள்ள, அது நீ' என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினார் பெரியண்ணன்.

ஞானம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அக்கா!" என்று கத்தினாள். "என்னாங்க, எங்க அக்காங்க! மகாராணியக்கா!"

"உக்காருங்கம்மா, மறைக்குது" என்றான் பின்னாலிருந்தவன்.

அவள் உட்காரவில்லை. திரை வெளிச்சத்தில் அந்த முகத்தை அவர் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. எடுத்த வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு மூடியதுதான்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தவள் ரொட்டி தட்டினாள். தேங்காய் திருகிப் போட்ட கோதுமை ரொட்டி, இடிச்ச சம்பல். தோட்டத்துச் சாப்பாடு. மலையில் தேங்காய் விலைக்கு அதெல்லாம் எப்போதாவதுதான்.

"இந்தச் சம்பல் அக்கா கை பக்குவம்" என்றாள். "மாசிக் கருவாடு போட்டு இடிக்கும். இங்க மாசிக்கு எங்க போக?"

மகன் சுரேந்திரன் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "அம்மா, அது படம்மா. ஆக்டிங். ஆள் புடிச்சு எடுப்பாங்க. நீங்களே போய் நடந்துட்டு வந்தீங்களே."

"கலரா வந்ததுதாம்ப்பா படம். கறுப்பு வெள்ளையில வந்துச்சே, அது நெசம். அந்தக் காலத்துல எவனோ எடுத்து வச்சிருக்கான், இவங்க வாங்கிப் போட்டிருக்காங்க. டீவியில போடுறதில்லையா?"

சுரேந்திரன் யோசித்தான். அப்படியும் இருக்கலாம் என்பது போலத் தலையாட்டினான். பெரியண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"முதுகுதான தெரிஞ்சது. எப்படி அக்கான்னு சொல்ற?" என்று கேட்டார்.

"தலையில கயித்தப் போட்டுத் தூக்குதே, பாக்கலையா நீங்க? இந்த ஊர்ல எவ அப்படித் தூக்குறா? அது கொழுந்தெடுத்த முதுகுங்க. பின்னாடி கையக் குடுத்து ஒரு தூக்குத் தூக்குச்சே, அது எங்க அக்கா தூக்கு. மலைக்குப் போயில நான் அது பின்னாடிதான் போவேன். சாக்குப் படங்கு கட்டின இடுப்பும் அந்தக் கையும்தான் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது."

"நீயும் அன்னைக்கு அப்படித்தான தூக்குன?"

"நானா? நான் எல்லாரையும் மாதிரித் தலைமேல வச்சிட்டுப் போனேன்." அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. பொய் சொல்லவுமில்லை. தன் முதுகைத் தானே பார்த்தவர் யார்?

பெரியண்ணன் இன்னும் ஒருமுறை முயன்று பார்த்தார். "அன்னைக்குச் சேத்துல உன் செருப்பும் போச்சுல்ல?"

ஞானம்மாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "அதத்தாங்க நானும் நெனச்சேன். அதுக்கும் எடது கால், எனக்கும் எடது கால். ஒரே வயித்துல பொறந்தது, பாருங்க. அது பட்ட பாடுதான் எனக்கும் வந்து காட்டியிருக்கு."

இல்லை என்பதற்காக அவர் எடுத்து வைத்ததையெல்லாம் அவள் ஆமாம் என்பதற்கு வைத்துக்கொண்டாள்.

மகாராணியைப் பெரியண்ணன் பார்த்ததே கிடையாது. கதைதான் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம் ஆகியிருந்த மூத்தவள். ஒப்பந்தத்தில் ஞானம்மாவின் அப்பன் பெயர் இந்தியாவுக்கு விழுந்தது. மகாராணி புருஷன் பெயர் எங்கும் விழாமல் அங்கேயே கிடந்தது. கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போனதாக ஒரு ஆள் சொன்னான். அப்புறம் அங்கே சண்டை. அப்புறம் ஒன்றுமில்லை.

"லாரி கெளம்பயில லயத்து வீட்டு வாசல்ல அக்கா நின்னுச்சு" என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் ஞானம்மா சொன்னாள். கையில் எடுத்த ரொட்டி கையிலேயே இருந்தது. "எங்கம்மா சொல்லுச்சு, திரும்பிப் பாக்காதடி, பாத்தா உனக்குக் காலு வராது, அதுக்கு மனசு தாங்காதுன்னு. நானும் பாக்கல. சொன்ன சொல்லக் கேக்குற புள்ள நானு. அக்கா அன்னைக்கு என்ன சேல கட்டியிருந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

மறுநாளிலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள். வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல் இருந்தவள், காட்டில் களை எடுக்கும்போது அக்கா கதை சொன்னாள். அக்கா காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்கியது, திருவிழாவுக்கு இரட்டை ஜடை போட்டுவிட்டது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும் போலிருந்தது. பெரியண்ணன் உழவுசாலில் நின்று வேடிக்கை பார்ப்பார். இந்தச் சிரிப்பு இத்தனை காலம் எங்கே கிடந்தது என்று அவருக்கு ஆச்சரியமாகவும், கொஞ்சம் பொறாமையாகவும்கூட இருந்தது. ஒரு தோட்டக்காரி நடையை ரெண்டு நிமிஷம் பார்த்ததில் வந்தது, தான் இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் வரவில்லையே என்று.

அதோடு நின்றிருந்தால் அவரும் கடைசிவரை வாயைத் திறந்திருக்கமாட்டார். ஞானம்மா மண்டபம் அகதி முகாமுக்குப் போகவேண்டும் என்றாள்.

"அங்க சண்டைய நிப்பாட்டி ஒன்றரை வருஷமாச்சாம். முகாம்ல இருக்கிற ஜனம் போகவர இருக்காம். கிளிநொச்சி ஆளுங்களும் இருப்பாங்க. மகாராணின்னு பேரச் சொல்லி, படத்துல பாத்தேன், இப்படித் தூக்கும், இப்படி நடக்கும்னு கேட்டா எவளாச்சும் சொல்லமாட்டாளா?"

"போவோம்மா. வெள்ளிக்கிழம வெள்ளனே பஸ் இருக்கு, வத்தலக்குண்டு போய் மாறிக்கலாம்" என்று சுரேந்திரன் சொல்லிவிட்டான். அம்மா சிரிப்பதைப் பார்த்து அவனுக்கும் மனசு இளகிப்போயிருந்தது. பெரியண்ணன் இருமினார். வெறும் இருமல்தான்.

வியாழக்கிழமை படத்துக்குக் கடைசி நாள். கிளம்புவதற்கு முந்தி அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்றாள் ஞானம்மா. இந்தத் தடவை பெரியண்ணனும் கேரட்டை விட்டுவிட்டுக் கூடப் போனார்.

மத்தியானக் காட்சிக்குக் கூட்டமே இல்லை. முன்வரிசையில் காலேஜ் பையன்கள் கொஞ்சம் பேர், குளிருக்கு ஒதுங்கிய டிரைவர்கள், தூங்க வந்த ஒருவர். வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலுச்சாமி ஞானம்மாவைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா வாங்க. வெரசா போங்க, இப்பதான் பேரு ஓடுது. உங்க அக்கா சீனுக்கு நேரமிருக்கு." பெரியண்ணனிடம் திரும்பி, "அம்மா சொன்னதுக்கப்புறந்தாங்க நானே அந்த சீனை உக்காந்து பாத்தேன். அதுவரைக்கும் டிக்கெட் கிழிச்சதோட சரி" என்றார்.

காலேஜ் பையன்கள் படத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். கதாநாயகன் வசனத்தை அவனுக்கு முந்திச் சொன்னார்கள், துப்பாக்கிக்கு வாயால் சத்தம் கொடுத்தார்கள். போன வாரம் அழுத இடத்தில் இந்த வாரம் சிரித்தார்கள். சண்டைகூடப் பழகிவிடும் போலிருக்கிறது. ஆனால் திரை கறுப்பு வெள்ளைக்கு மாறுவதற்குச் சற்று முன்னால் வேலுச்சாமி கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"தம்பிகளா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்கப்பா. அந்தம்மா வந்திருக்காங்க."

பையன்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அடங்கினார்கள். ஒருவன் காலை முன்சீட்டிலிருந்து கீழே எடுத்து வைத்தான்.

மழை. சரிவு. துண்டு மாட்டிய தலை. ஞானம்மா பெரியண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் செருப்பு விழுந்தது. "செருப்பில்லாம எம்புட்டுத் தூரம் நடந்துச்சோ" என்று மெல்லச் சொன்னாள். "வடக்க வெயிலு. தாரு ரோடு பொரியும்." பெரியண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீல வாரு.

வெளியே வந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஞானம்மா பஸ்ஸுக்குப் போகாமல் பக்கத்துச் செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்தாள். கெட்டியாக ஒரு ஜோடியைக் கீழே போட்டுத் தன் காலை நுழைத்தாள்.

"உங்களுக்குச் சரியா இருக்குங்க" என்றார் கடைக்காரர்.

"எனக்கில்லைங்க. எங்கக்காவுக்கு. எனக்குச் சரியா இருந்தா அதுக்கும் சரியா இருக்கும்." பெரியண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "அங்க எவளாச்சும் அக்காவுக்குத் தெரிஞ்சவ இருந்தா குடுத்து விட்டுருவேன். இனிமே வெறுங்காலோட நடக்க வேணாம்."

நாளைக்கு இந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் வாசலில் நிற்பாள். ஒவ்வொருத்தி முன்னாலும் குனிந்து நடந்து காட்டி, இப்படிப் போகும் எங்கக்கா என்று கேட்பாள். தன்னையே தேடிக்கொண்டு. அதைப் பக்கத்தில் நின்று பார்க்கத் தன்னால் ஆகாது என்று பெரியண்ணனுக்குத் தெரிந்துபோயிற்று.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி எதிர்க் கடைகளை மறைத்திருந்தது.

"ஞானம்மா."

"ம்."

"அந்தச் செருப்ப நாந்தான் சேத்துக்குள்ள கையவிட்டு எடுத்தேன்."

"எந்தச் செருப்ப?"

"படத்துல விழுதே, அத. இப்ப உன் கால்ல கெடக்கே, அதுதான்."

அவள் குனிந்து காலைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு மண்டபம் வரப் புடிக்கல. அதுக்கு இப்படியா சொல்லுவீங்க?"

"நான் கேமராவுக்குக் குடை புடிச்சிக்கிட்டு நின்னேன் புள்ள. அது பாத்த எடத்துல இருந்துதான் நானும் பாத்தேன். துண்ட முறுக்கித் தலையில மாட்டி முதுகுல தூக்குனது நீதான். தலைமேல வச்சேன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. நீ வைக்கல. நின்னது, விட்டுட்டு நடந்தது எல்லாம் நீதான். வேஸ்ட்டுன்னு சொன்னத அழிச்சுக் கிழிச்சுப் பழசு மாதிரி ஆக்கிப் போட்டிருக்காங்க."

ஞானம்மாவின் கை மெல்ல மேலே போய் உச்சந்தலையைத் தடவியது. கூடைக் கயிறு அழுந்தி அழுந்திச் சின்ன வயதிலேயே முடி நின்றுபோன இடம் அது. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அட்டுவம்பட்டி பஸ் வந்து, நின்று, இவர்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போனது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

"ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சுக்கிட்டிருந்த."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அழுதால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவள் அழவில்லை. செருப்புப் பொட்டலத்தைச் சேலைக்குள் வைத்துச் சாரல் படாமல் மூடிக்கொண்டாள்.

"அத வேணும்னா திருப்பிக் குடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

"நீ சொன்னா நாளைக்கே போவோம். பேரச் சொல்லிக் கேட்டுப் பாப்போம்."

"என்னான்னு கேக்கிறது? இத்தன நாளு, பாத்தேன்னு சொல்லிக் கேக்கலாம்னு இருந்தேன். இனிமே என்னத்தச் சொல்லி..." அவள் முடிக்கவில்லை. அப்புறம், "வெள்ளனே என்னைய எழுப்பி விடுங்க. காட்டுக்குப் போவோம். பொன்னுத்தாய் ஒத்தையில கெடப்பா" என்றாள்.

"சரி."

சாரல் கொஞ்சம் கனத்தது. பெரியண்ணன் தன் மப்ளரை எடுத்து அவள் தலையில் போட்டார். அவள் தடுக்கவில்லை.

"என்னாங்க, இந்தப் படம் அந்தப் பக்கமும் போகுமா?"

"போகும். சீடியாப் போட்டுக் கொண்டுபோயிருவாங்கன்னு சுரேந்திரன் சொன்னான். அங்கயும் பாப்பாங்க."

"அக்கா இருந்தா, அக்காவும் பாக்குமா?"

"பாக்கும்."

"பாத்தா?"

பெரியண்ணன் நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். "நீன்னு கண்டுக்கிரும். நீ அதக் கண்டுக்கிட்டேல்ல, அந்த மாதிரி. என் தங்கச்சின்னு அதுவும் எந்திரிச்சு நிக்கும்."

ஞானம்மா மஞ்சுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதுகுதானங்க தெரியுது. லாரி கெளம்பயில எங்கம்மா சொல்லுச்சு, கேட்டேன். இங்க அந்தத் தொப்பிக்காரத் தம்பி சொன்னாரு, அதையும் கேட்டேன். ரெண்டு தடவையும் சொன்ன சொல்லக் கேட்டுட்டேங்க. ஒரு தடவையாச்சும் நான் திரும்பியிருக்கலாம்."